பச்சைத் தண்ணீர்

சீனு,

நான் கூப்பிட்டால் உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. உன் சித்தி கூப்பிட்டால் மட்டும் முதல் மணியிலேயே "சொல்லு சித்தி" என்கிறாயாம். சரி, இனி நான் கூப்பிடுவதாக இல்லை. எழுதுகிறேன். எழுதி, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போடப்போகிறேன். சித்தியும் மாமாவும் கார்வேட்டிநகரத்துச் சம்பந்தியும் படிக்கட்டும். நீ உன் மனைவியைத் தினம் வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டுகிறாய், உன் அம்மா உன்னைத் திட்டுவதையும் ஊர் பார்த்துவிட்டுப் போகட்டும். சித்தூர்க் கல்லூரியில் கடைசி பெஞ்சுவரை கேட்கிற மாதிரி கத்திக் கத்தி நிலவியல் பாடம் நடத்திய தொண்டை இது. நீ ஒருவன் காதைப் பொத்திக்கொண்டதால் ஓய்ந்துவிடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் கடைத் திறப்பு விழாவில் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதை எதிர்பார்த்துப் படிக்க உட்கார்ந்திருந்தால் எழுந்து போய் உன் வேலையைப் பார். இல்லை, போகாதே, உட்கார். கேட்க வேண்டியது கடைசியில் இருக்கிறது. ஆனால் நேரே கடைசிக்குப் போனால் உனக்குப் புரியாது. எந்தப் பாடத்தையும் நீ நடுவிலிருந்து படித்து நடுவிலேயே விட்டவன்.

ஸ்ரீசிட்டியில் போன் செய்யும் ஃபேக்டரி வேலையை நீ விட்டபோது நான் ஒரு வார்த்தை சொன்னேனா? உன் அப்பா, நைனாதான் முணுமுணுத்தார். ஷிஃப்ட் மாறி மாறிப் போய், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நீ தூங்கிப்போவதைப் பார்த்தவள் நான். "வுட்டுத் தொலைடா" என்று சொன்னதே நான்தான். திருப்பதியில் கல் கடை வைக்கப்போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வயிற்றில் பிறந்தவன் கடைசியில் கல்லிடமே வந்துவிட்டான் என்று உன் சித்திக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். அந்தப் பெருமையோடுதான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, புத்தூரிலிருந்து பஸ் ஏறி, மல்லிப்பூ வாடாமல் உன் கடை வாசலில் வந்து இறங்கினேன்.

உள்ளே வந்தால் டிரே டிரேயாகக் கல். நன்றாகத்தான் வைத்திருந்தாய், விளக்கெல்லாம் போட்டு. ஆனால் எப்படி வைத்திருந்தாய்? நிறம் பார்த்து! வெள்ளை டிரேக்கு மேலே "மன அமைதி" என்று பலகை. சிவப்புக்குத் தைரியம், மஞ்சளுக்குப் படிப்பு, பச்சைக்குச் செல்வம். அந்த மஞ்சள் டிரேயைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கந்தகக் கட்டி ஒன்று, பைரைட் ஒன்று, மஞ்சள் குவார்ட்ஸ் ஒன்று, பக்கத்தில் எவனோ பாட்டிலை உடைத்து மெருகு போட்ட கண்ணாடி ஒன்று. ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத நாலும் கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மாதிரி தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. என் மாணவன் எவனாவது பிராக்டிகலில் இப்படி வைத்திருந்தால் ரெக்கார்டு நோட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பியிருப்பேன். பெற்ற பிள்ளை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, கொடுத்த லட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

நான் பேசாமல்தான் இருந்தேன், சீனு. இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்திதான் வெள்ளை டிரேயிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "பூஜ ரூம்ல வெக்கலாம்னு பாக்கறேன். இது அசல் ஸ்படிகம்தானே? நீங்க படிச்சவங்க, பாத்து சொல்லுங்க" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. நகர்த்தி நகர்த்தி வைத்த செங்கல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்த கட்டி; ஸ்படிகம் அப்படி உடையாது. ஆனாலும் வாயால் சொன்னால் மாமியார்த்தனம் என்பார்கள் என்று, வாசற்படிக்கு அறுத்த எலுமிச்சையில் குங்குமம் தடவாத பாதி ஒன்று தட்டில் இருந்ததை எடுத்து ஒரு சொட்டுப் பிழிந்தேன். சாறு விழுந்த இடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது.

"இன்னாங்க இது, சோடா மாறி பொங்குது?" என்றார் சம்பந்தி.

"இது ஸ்படிகம் இல்லீங்க. கால்சைட். சுண்ணாம்புக்கல்லுக்கு ஒடம்பொறந்தது. ஸ்படிகம்னா எலுமிச்சைக்கெல்லாம் அசையாது" என்றேன். வாசலில் நின்றிருந்த தெலுங்குக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, "ஏமய்யா, சுன்னம் அம்முதுன்னாவா?" என்று உன்னைக் கேட்டார். சுண்ணாம்பு விற்கிறாயா என்று. அவர் கேட்டதற்கு நான் என்ன செய்ய முடியும்? நீ என் கையிலிருந்து எலுமிச்சையைப் பிடுங்கி, "வூட்டுக்குப் போமா" என்றாய். சம்பந்தி முன்னால், வந்த ஜனம் முன்னால், பட்டுப்புடவையோடு நின்றவளை. அந்த "போமா" இன்னும் என் காதில் இருக்கிறது. வலித்தது, சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. எவனோ அதை போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். எலுமிச்சைக்கார அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று உன் கடைக்குக் கூட்டம் வந்ததாம். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பான். நீ என்ன செய்தாய்? கல்லா மேசையில் ஒரு கூடை எலுமிச்சை வைத்து, "அம்மா டெஸ்ட் பாஸ்" என்று பலகை எழுதி மாட்டிவிட்டாய். கால்சைட்டையெல்லாம் ஒதுக்கினாய் என்று கேள்விப்பட்டேன், அதுவரைக்கும் சந்தோஷம். சிரிப்புக்கூட வந்தது. ஆனால் முட்டாளே, எலுமிச்சைக்குப் பொங்காததெல்லாம் ஸ்படிகம் என்று உனக்கு யார் சொன்னது? கண்ணாடியும் பொங்காது. ஐஸ்கட்டியும் பொங்காது. நான் நடத்திய பாடத்தில் ஒரு வரியைப் பிடுங்கி பலகையில் மாட்டிவிட்டு மீதியைக் கோட்டைவிட்டாய். சின்ன வயதிலிருந்து இதே கதைதான்.

சின்ன வயது என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீட்டுக் கூடத்தில் என் கல் அலமாரி இருக்கிறதே, பழைய மருந்துக்கடை இழுப்பறைகளை வாங்கி நைனா சேர்த்து அடித்துக் கொடுத்தது. நீ மூன்றாவதோ நாலாவதோ படித்தாய். ஒரு நாள் வந்து, "ஏம்மா, செகப்பு கல்லெல்லாம் ஒரே பொட்டியில போட்டா அழகா இருக்கும்ல?" என்று கேட்டாய். பார், அப்போதே! நான் உன்னை மடியில் உட்கார வைத்து ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து காட்டினேன். யாரோடும் சேராமல் தனியாகவே இருப்பவை ஒன்றில்: தங்கம், கந்தகம், வைரம் மாதிரி. வைரம் நம்மிடம் இல்லை, அந்தக் குழி காலியாகவே கிடந்தது. கந்தகத்தோடு சேர்ந்தவை அடுத்ததில்: பைரைட், சாதிலிங்கம். ஆக்சிஜனோடு சேர்ந்தவை வேறொன்றில், அதில் வாசலுக்குப் பூசும் காவிக்கல்லும் உண்டு. இந்துப்பு ஹாலைடு. சுண்ணாம்புக்கல்லும் கால்சைட்டும் கார்பனேட். ஜிப்சம் சல்பேட். பாஸ்பேட்டுக்கு ஒரு சின்னக் குழி. அலமாரியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சிலிகேட்: ஃபெல்ஸ்பார், காக்காப்பொன், களிமண் வகைகள். நைனா காலையில் நெற்றியில் இட்டுக்கொள்கிற நாமக்கட்டியும் அதில்தான் சேர்த்தி என்று சொன்னேன். "அப்போ நைனா நெத்தியில சிலிகேட்டா?" என்று கேட்டுவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அன்று நான் செய்த ஒரே தப்பு, இந்துப்பை உன் நாக்கில் வைத்து, "பாரு, உப்புக் கரிக்குதா? இது ஹாலைடு" என்று காட்டியது. கல்லை நக்கிப் பார்ப்பதும் எங்கள் படிப்பில் ஒரு வழக்கம்தான். ஆனால் யார் நக்குவது, எதை நக்குவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. மறுநாள் நான் கல்லூரிக்குப் போனதும் உன் சித்தி மகன் கோபியை எதிரில் உட்கார வைத்து, எனக்கு எல்லாக் கல்லும் தெரியும் என்று பந்தயம் கட்டி, ஒரு வரிசை முழுவதையும் நக்கித் தீர்த்தாய். சல்பேட் இழுப்பறையில் மயில்துத்தம் இருந்தது, நீலமாகக் கற்கண்டு மாதிரி. அதை நக்கவில்லை, கடித்தே விட்டாய். வாந்தியென்றால் அப்படியொரு வாந்தி. நைனா உன்னை மொபெட்டில் முன்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நர்ஸம்மா "ஏம் தின்னாவுரா?" என்று, என்னத்தைத் தின்றாய் என்று கேட்டதற்கு, அந்த நிலைமையிலும் தலையை நிமிர்த்தி "காப்பர் சல்பேட்" என்று சொன்னாயாம். வீட்டில் வேறு என்ன சோறு போடுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் சீனு, தெளிந்து எழுந்ததும் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏம்மா, நைனா செம்பு சொம்புலதானே தண்ணி குட்ச்சிக்கினு இருக்காரு, அவரு ஏன் வாந்தி எடுக்கல?" என் பட்டதாரி மாணவர்கள் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொம்பில் செம்பு தனியாக இருக்கிறது, மயில்துத்தத்தில் சல்பேட்டோடு சேர்ந்திருக்கிறது என்று சொன்னேன். செம்பு அதே செம்புதான். சல்பேட்டோடு இருந்தால் தண்ணீரைப் பார்த்ததும் கரையும். கார்பனேட்டோடு இருந்தால் தண்ணீருக்கு அசையாது, புளிப்பைப் பார்த்தால் கரையும். அதனால்தான் நாங்கள் செம்புக்கு என்று ஒரு பெட்டி, இரும்புக்கு என்று ஒரு பெட்டி வைப்பதில்லை. எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கூட்டத்தில் சேர்க்கிறோம். கல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தக் கூட்டாளி சொல்லிவிடும். நிறம் எதையும் சொல்லாது. நீ தலையை ஆட்டினாய். புரிந்தது என்று நினைத்தேன்.

எல்லாமே அவ்வளவு ஒழுங்காக அடங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்படிகம் ஸ்படிகம் என்று நீ விற்கிறாயே அந்தக் குவார்ட்ஸ், நம் கொல்லையில் வெங்கச்சாங்கல் என்று காலில் இடறுவது, அதை வைத்தே படித்தவர்களுக்குள் தகராறு உண்டு. அதில் இருப்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டும்தான், ஆக்சைடு என்பார் ஒருவர். கட்டமைப்பைப் பார், சிலிகேட் என்பார் இன்னொருவர். நைனாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ப கத மாறி இருக்குது" என்றார். இங்கே தெலுங்குக்காரர்கள் நம்மை அரவக்காரர்கள், அதாவது தமிழர்கள் என்கிறார்கள், சென்னைக்குப் போனால் ஆந்திராக்காரர்கள் என்கிறார்கள். எந்தப் பெட்டியில் போட்டாலும் சரி, குவார்ட்ஸ் எலுமிச்சைக்குக் கரையாது. அதில் யாருக்கும் தகராறு கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் உன் மனைவி லாவண்யா எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொல்லாமல்தான் செய்தாள், அதற்காக அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. "அத்த, நான் ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தாள்.

"அந்த பச்ச கல்லு பாட்டில் இருக்குதுல்ல, கிரீன் எனர்ஜின்னு. அந்த தண்ணிய தெனம் காலைல குட்ச்சிக்கினு இருக்கேன். அதுல எலுமிச்ச ஊத்தினா பொங்குமா அத்த?"

"ஏம்மா, எலுமிச்சையா கலந்து குடிக்கிற?"

"தேனும் எலுமிச்சயும் கலந்து, கல்ல உள்ள போட்டு, மொத நாளே ஊற வெச்சிடறாரு. காலைல நான் குடிக்கறத வீடியோ எடுத்து போடறாரு."

வாந்தி வருகிறதா என்று கேட்டேன். "அது மசக்கதானே அத்த? எல்லாரும் அப்டிதான் சொல்றாங்க" என்றாள். எப்போது வருகிறது என்று கேட்டேன். "வீடியோ முடிஞ்சதும் வந்துரும். அத அவுரு கட் பண்ணிடுவாரு" என்றாள், ஏதோ சாதாரண விஷயம் சொல்வது போல.

சீனு, மசக்கை வீடியோ முடிகிறவரைக்கும் காத்திருந்தா வரும்? திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் ஒரு பச்சைக்கல் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, கோபத்தில் அதை நான் பார்க்கக்கூட இல்லை. உடனே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடியாக இருக்கட்டும், சாயம் பூசிய கல்லாக இருக்கட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கல் போலியாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். இல்லை. கரும்பச்சையும் இளம்பச்சையுமாக வளையம் வளையமாக, அழகான அசல் மாலகைட். ஸ்படிகத்தில் உன்னை எவனோ ஏமாற்றினான், இதில் மட்டும் நேர்மையாக இருந்து தொலைத்திருக்கிறான். மாலகைட் என்றால் என்ன தெரியுமா? செம்பு, கார்பனேட்டோடு சேர்ந்தது. அன்றைக்கு நீ தலையை ஆட்டினாயே, அதே பாடம். உனக்குப் புரிகிற மாதிரி சமையல்கட்டு பாஷையில் சொல்கிறேன். செம்புப் பாத்திரத்தைக் கவனிக்காமல் விட்டால் பச்சையாக ஏறுமே களிம்பு, அதுவும் இதுவும் ஒரே ஜாதி. ஈயம் பூசாத பித்தளையில் நம் வீட்டில் யாராவது ரசம் வைத்திருக்கிறோமா? களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் போகிறது? புளிப்பில் கரைகிறது, போகிறது. நீ அந்தக் களிம்பை மெருகு போட்டு, எலுமிச்சையில் ஊற வைத்து, பிள்ளைத்தாச்சிக்குக் குடிக்கக் கொடுக்கிறாய்.

உடனே உனக்குப் போன் செய்தேன். அன்று நீ எடுத்தாய். நான் முழுதாகச் சொல்வதற்குள், "எதுக்கெடுத்தாலும் கொற சொல்லிக்கினே இருப்பியாமா? அது ஒரிஜினல். வேணும்னா நீயே எலுமிச்ச ஊத்தி பாத்துக்கோ" என்றாய்.

"ஊத்தித்தானேடா அவ குடிக்கிறா!" என்று கத்தினேன்.

"கல்லு எங்கனா தண்ணியில கரையுமாமா? ஆத்துல எத்தினி கல்லு கெடக்குது, எல்லாம் கரஞ்சா பூட்ச்சி? நீ டீச்சரு, இது பிசினஸ்" என்று சொல்லிப் போனை வைத்தாய். அதிலிருந்து எடுக்கவில்லை.

சந்திரகிரி பக்கம் ஸ்வர்ணமுகி ஆற்றில் கிடக்கிற கல்லையும் உன் பாட்டிலில் கிடக்கிற கல்லையும் ஒன்று என்கிறாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆற்றில் உருண்டு உருண்டு மிஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் குவார்ட்ஸும் அதன் சொந்தக்காரர்களும். கரையக்கூடியதெல்லாம் எப்போதோ கரைந்து கடலுக்குப் போய்விட்டது, கரையாதது மிச்சமிருக்கிறது. உன் பச்சை டிரேயிலேயே பச்சைக் குவார்ட்ஸும் இருக்கிறது, நான் பார்த்தேன். அதைப் பாட்டிலில் போட்டிருந்தால் நான் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன், செல்வமும் வராது, சேதமும் வராது. பக்கத்தில் கிடக்கிற மாலகைட்டும் பச்சை என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டாய். வாடிக்கையாளர் வந்து "பச்ச குடு" என்பார், நீயும் பச்சை எடுத்துக் கொடுப்பாய். உன் கடையில் பச்சை என்று சொல்லப்படுவது எதுவென்று உனக்கே தெரியாது.

உன் சாமர்த்தியத்தை நான் குறை சொல்லவில்லை. வந்தவர்களிடம் தமிழில் பாதி தெலுங்கில் பாதி பேசி, ஒருத்தரையும் வெறும் கையோடு அனுப்பாமல், அவர்கள் சிரித்துக்கொண்டே போகிற மாதிரி நீ பேசுவதை அன்று ஓரமாக நின்று பார்த்தேன். எனக்கு அந்த வாய் கிடையாது. அந்த வாயை வைத்துக்கொண்டு உண்மையையே விற்கலாமே என்றுதான் ஆத்திரம்.

லாவண்யாவிடம் அதைக் குடிக்காதே என்று சொன்னேன். "நிறுத்திட்டா அவுரு மூஞ்சி தொங்கிடும் அத்த. கட ஆரம்பிச்ச நேரம். நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். நான் சொன்னால் நீ கேட்பாயாம்! அந்தப் பெண்ணுக்கு உன் மேல் எவ்வளவு நம்பிக்கை பார். கேட்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து அவள் வாந்தியை மசக்கை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மசக்கையாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியும், ஆனால் அவள் என்ன குடிக்கிறாள் என்று யாராவது அவரிடம் சொன்னீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது, சீனு. நீ மயில்துத்தத்தைக் கடித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தபோது இருந்த அதே பயம். அன்றைக்கு ஒரு பிள்ளைக்காகப் பயந்தேன், இப்போது இரண்டு பேருக்காக.

குழுவில் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். தாம்பூலப் பையில் வந்த பச்சைக்கல்லைப் பூஜை அறையில் வையுங்கள், கண்ணாடி அலமாரியில் வையுங்கள், அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் போடாதீர்கள். கோபி அம்மா, நீ தண்ணீர்ச் சொம்பில் போட்டு வைத்திருப்பாய், எனக்குத் தெரியும், முதலில் போய் எடு.

என் பங்குக் கல்லைச் சின்ன உரலில் இடித்து ஒரு கண்ணாடி கிளாஸில் போட்டு, எலுமிச்சைச் சாறு ஊற்றி சமையல்கட்டு ஜன்னலில் வைத்தேன். இடித்தால் சீக்கிரம் கரையும், முழுக் கல்லாக இருந்தால் மெதுவாகத்தான் கரையும். நீ வாதாடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மெதுவாகக் குடித்தால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. மெல்ல மெல்ல நுரை வந்தது. பிறகு சாறு நிறம் மாறத் தொடங்கியது. இன்று காலை பார்த்தால் மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையும் கலந்து நிற்கிறது. அதை அப்படியே மூடி போட்டு எடுத்து வந்து, "அம்மா டெஸ்ட் பாஸ்" பலகைக்குக் கீழே வைத்து, இதையும் வீடியோ எடுடா என்று சொல்வதாக இருந்தேன். பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

நைனாதான் தடுத்தார். தோட்டத்திலிருந்து வந்தவர் கிளாஸைப் பார்த்துவிட்டு, "இத எட்த்துக்கினு போவாத. ஒம் புள்ளையாச்சே, ரோஷத்துல ஒன் எதிர்லயே குட்ச்சிட்டு மீசைய தொடச்சிக்குவான்" என்றார். செய்வாய். கோபி முன்னால் செய்தவன் சம்பந்தி முன்னால் செய்ய மாட்டாயா? அவர் அதை எடுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலைச் செடியில் ஊற்றப் பார்த்தார், அதற்கு வேறு ஒரு கத்துக் கத்தினேன். கடைசியில் செடிகொடி இல்லாத மூலையில் ஊற்றி மண்ணைத் தள்ளினார்.

ஆகையால் வெறும் கையோடுதான் வருகிறேன். நாளைக் காலை முதல் பஸ். கடைக்கு வரவில்லை, பயப்படாதே, நேரே வீட்டுக்கு வருகிறேன். லாவண்யாவை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பாட்டிலையும் மேசைமேல் வைத்து, இதைத்தான் குடித்தாள் என்று சொல்லப்போகிறேன். நீ கூட வந்தால் வா, வராவிட்டால் கடையில் இரு. என்னோடு பேசாவிட்டால்கூடப் போகட்டும், அது என்றைக்காவது சரியாகும். கல்லையெல்லாம் கலைத்து எந்த எந்தக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று பிறகு சொல்லித் தருகிறேன், அதற்கு அவசரமில்லை.

அவசரம் ஒன்றுக்குத்தான். நான் வந்து சேருவதற்கு முன்னால் அவள் எழுந்துவிடுவாள். வீடியோ வேண்டாம். அவளுக்குக் குடிக்க ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் கொடு. பச்சைத் தண்ணீர் என்றால் இன்னதென்று உனக்குத் தெரியுமல்லவா? ஒன்றும் போடாத தண்ணீர்.

அம்மா